வண்டியும் அது பிறந்த நாடும்: மோட்டார் சைக்கிள் கைத்தொழில் வரலாற்றின் வழியே ஒரு நோக்கு

ஒரு பொருளை வாங்க முன்வருபவர் அதன் விலையையும் பயனையும் ஒப்பிட்டு முடிவு செய்கின்றார் எனப் பொருளியல் நூல்கள் கூறும். நடைமுறையில் அவர் இன்னொன்றையும் கேட்கின்றார்: "இது எந்த நாட்டுச் சாமான்?" கத்தரிக்கோல் முதல் கைக்கடிகாரம் வரை எல்லாவற்றுக்கும் கேட்கப்படும் இக்கேள்வி மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை மேலும் அழுத்தம் பெறுகின்றது. மோட்டார் சைக்கிள் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பை விழுங்குவது; உயிரை நம்பி ஏறப்படுவது; எஞ்சினை வெளியே காட்டிக்கொண்டு ஓடுவதால் தன்னைச் செய்த கைகளின் திறமையையும் குறையையும் மறைக்க இயலாதது. ஆகவே அது பிறந்த நாட்டை அறிய விரும்புவது வீண் ஆவலன்று.

நாட்டின் பெயர் வாங்குவோரின் முடிவை உண்மையில் நிர்ணயித்ததா? நிர்ணயித்ததாயின் அப்பெயரில் அவர்கள் எதனை நம்பினர்? அந்நம்பிக்கை எவரால் உண்டாக்கப்பட்டது, எவரால் இழக்கப்பட்டது? பிரித்தானியா, யப்பான், ஐக்கிய அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளின் மோட்டார் சைக்கிள் கைத்தொழில் வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முத்திரையின் தோற்றம்

பொருளின்மீது நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பரவியதற்குச் சட்டமும் வணிகப் போட்டியுமே பெரிதும் காரணமாயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் முதன்மைக் கைத்தொழில் நாடாக விளங்கிய பிரித்தானியா, ஜேர்மனியின் போட்டியை அச்சத்துடன் நோக்கத் தொடங்கிற்று. ஷெபீல்ட் நகரின் கத்தி வகைகளுக்கு உலகெங்கும் நற்பெயர் இருந்தது. ஜேர்மனியின் சோலிங்கன் நகரிற் செய்யப்பட்ட மலிவான கத்திகள் ஷெபீல்டின் பெயரைத் தாங்கி விற்கப்படுகின்றன எனப் பிரித்தானிய உற்பத்தியாளர் முறையிட்டனர். இத்தகைய முறைப்பாடுகளின் விளைவாக 1887ஆம் ஆண்டில் வணிகக் குறிகள் சட்டம் நிறைவேறியது. பிரித்தானியப் பொருளெனக் கருத இடந்தரும் பெயரையோ குறியையோ தாங்கிவரும் பிறநாட்டுப் பொருள், தான் செய்யப்பட்ட நாட்டை வெளிப்படையாகக் கூறவேண்டுமென அச்சட்டம் விதித்தது.

சட்டத்தை இயற்றியோர் எதிர்பார்த்தது ஒன்று, நிகழ்ந்தது வேறொன்று. இழிவுக் குறியாக இடப்பட்ட ஜேர்மனியின் பெயர் காலப்போக்கில் நற்சான்றாக மாறியது. ஒருமுறை வாங்கியவர் அப்பொருள் நின்று உழைப்பதைக் கண்டதும், அடுத்த முறை அதே முத்திரையைத் தேடி வாங்கினார். 1896இல் ஏர்ணஸ்ட் எட்வின் வில்லியம்ஸ் என்பார் அம்முத்திரை வாசகத்தையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூல் எழுதி, பிரித்தானியரின் வீடுகளுக்குள் ஜேர்மனியப் பொருள்கள் புகுந்துவிட்டதை எச்சரிக்க நேர்ந்தது. முத்திரையை அரசு இடலாம். அதற்கு அர்த்தம் தருவது வாங்குவோரின் அனுபவமே என்பதற்கு இது முதற் சான்று. மோட்டார் சைக்கிள் வரலாறு இதே பாடத்தை மீண்டும் மீண்டும் கற்பிக்கின்றது.

பிரித்தானியரின் பெருமையும் யப்பானியரின் எழுச்சியும்

இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் நல்ல மோட்டார் சைக்கிள் என்றால் பிரித்தானிய மோட்டார் சைக்கிள் என்ற எண்ணமே உலகின் பல பகுதிகளில் நிலவியது. பேர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ., கொவென்றி நகரை அடுத்த மெரிடனின் ட்றயம்ப், றெடிச் நகரின் றோயல் என்பீல்ட், மற்றும் நோர்ட்டன், மச்லெஸ் முதலிய பெயர்கள் குடியேற்ற நாடுகளின் பொலிஸ் நிலையங்களிலும் படை முகாம்களிலும் பழக்கப்பட்டவை. இவற்றிற் சில ஆயுதத் தொழிலின் வழிவந்தவை. பி.எஸ்.ஏ. என்பது பேர்மிங்ஹாம் சிறு ஆயுதக் கம்பனி என்பதன் சுருக்கம். றோயல் என்பீல்ட் என்ற பெயரோ என்பீல்ட் அரச ஆயுதத் தொழிற்சாலைக்குத் துப்பாக்கிப் பாகங்கள் செய்து கொடுத்ததன் நினைவாக அமைந்தது. பீரங்கியே அதன் சின்னம். துப்பாக்கி செய்த கைகள் செய்த வண்டி என்ற நம்பிக்கை அப்பெயர்களோடு சேர்ந்தே விற்கப்பட்டது.

இவ்வண்டிகளுக்குப் பெருஞ்சந்தையாக ஐக்கிய அமெரிக்கா விளங்கியது. 1959இல் ட்றயம்ப் வெளியிட்ட புகழ்பெற்ற வண்டிக்கு 'பொன்வில்' எனப் பெயரிடப்பட்டது. வேகச் சாதனைகள் நிகழ்த்தப்பட்ட அமெரிக்க உப்புவெளி ஒன்றின் பெயர் அது. வண்டி செய்யப்பட்ட இடம் எதுவாயினும், அதனை வாங்குபவர் எங்கிருந்தார் என்பதை அப்பெயரே காட்டிவிடுகின்றது.

அக்காலத்தில் 'யப்பான் சாமான்' என்றால் மலிவானது, விரைவில் உடைவது என்றே பொருள்பட்டது. போருக்கு முந்திய மலிவு ஏற்றுமதிகளால் ஏற்பட்ட அவப்பெயர் அது. யப்பானியர் இதனை நன்குணர்ந்திருந்தனர். 1950இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளரான டெமிங் யப்பானுக்கு அழைக்கப்பட்டுத் தரக் கட்டுப்பாடு பற்றி விரிவுரைகள் ஆற்றினார். மறு ஆண்டில் அவர் பெயரால் ஒரு பரிசும் நிறுவப்பட்டது. 1957இல் ஏற்றுமதிப் பொருள்களைப் பரிசோதிப்பதற்கான சட்டமொன்றும் இயற்றப்பட்டது. பிரித்தானியா தன் நற்பெயரைக் காக்க அயலார் பொருளுக்கு முத்திரையிட்டது. யப்பான் தன் அவப்பெயரைப் போக்கத் தன் பொருளையே சோதித்தது. இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

1948இல் சொய்ச்சிரோ ஹொண்டா ஹமமட்சு நகரில் நிறுவிய கம்பனி 1958இல் 'சுப்பர் கப்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. 1959இல் அது லொஸ் ஏஞ்சல்சில் தன் அமெரிக்கக் கிளையைத் திறந்தது. அதே ஆண்டில் மான் தீவுப் பந்தயத்தில் முதன்முறையாகக் கலந்துகொண்டு 125 சி.சி. பிரிவில் ஆறாம் இடத்தையும் குழுவுக்கான பரிசையும் பெற்றது. இரண்டு ஆண்டுகளின் பின், 1961இல், 125 சி.சி., 250 சி.சி. ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களும் ஹொண்டாவுக்கே கிட்டின. பிரித்தானியரின் சொந்தப் பந்தயக் களத்தில், பிரித்தானியப் பார்வையாளர் முன்னிலையில் நிகழ்ந்த இவ்வெற்றி நூறு விளம்பரங்களுக்கு நிகரானது. ட்றயம்ப் வண்டிகளின் சிற்பியெனக் கொள்ளத்தக்க எட்வேர்ட் ரேணர் 1960இல் யப்பானியத் தொழிற்சாலைகளை நேரிற் பார்வையிட்டு, அவற்றின் ஆற்றலைக் கண்டு திடுக்குற்றார். ஆயினும் சிறு வண்டியிற் பழகியவர் பின்னர் பெரிய பிரித்தானிய வண்டியையே நாடுவார் என்ற நம்பிக்கை நிருவாகிகளிடையே நிலைத்திருந்தது.

1969இல் விற்பனைக்கு வந்த ஹொண்டா சி.பி. 750 இந்நம்பிக்கையைத் தகர்த்தது. நான்கு சிலிண்டர், முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக், பொத்தானை அழுத்தியதும் இயங்கும் எஞ்சின் ஆகிய யாவும் ஒரே வண்டியில் அமைந்திருந்தன. பிரித்தானிய வண்டியையோ பெரும்பாலும் காலால் உதைத்தே கிளப்ப வேண்டியிருந்தது. அதன் எஞ்சினின் அடிப்பெட்டி செங்குத்தாகப் பிளந்து பொருத்தப்பட்டமையால் இணைப்புகளூடாக எண்ணெய் கசிந்தது. யப்பானியர் அப்பெட்டியைக் கிடையாகப் பிளந்து, இணைப்பை எண்ணெய் மட்டத்துக்கு மேலே அமைத்தனர். இரவில் நிறுத்திவைத்த வண்டியின் கீழ் விடியற்காலையிற் கிடந்த எண்ணெய்த் துளியே பல வாங்குவோருக்குத் தீர்ப்புரைத்தது. பிரித்தானியத் தொழிலாளரிடம் திறமை குறைந்துவிட்டதெனக் கூறுவது பொருந்தாது. பழைய இயந்திரங்களையும் பழைய வரைபடங்களையும் வைத்துக்கொண்டு இலாபத்தை மட்டும் எடுத்த முதலீட்டுக் கொள்கையே அத்துளியின் மூலம்.

1973இல் பி.எஸ்.ஏ. குழுமத்தின் மோட்டார் சைக்கிள் தொழில் நோர்ட்டன் வில்லியர்ஸ் ட்றயம்ப் என்ற புதிய கம்பனியுள் அடங்கிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் மெரிடன் தொழிற்சாலையை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டபோது தொழிலாளர் வாயில்களை அடைத்துத் தொழிற்சாலையைத் தம் வசமாக்கினர். நெடிய போராட்டத்தின் பின் 1975இல் அரச கடனுதவியோடு தொழிலாளர் கூட்டுறவு ஒன்று அங்கு உருவாயிற்று. அவர்கள் தம் கைகளால் பொன்வில் வண்டிகளை எட்டாண்டுகள் செய்து விற்றனர். அமெரிக்க விதிகளுக்கு இணங்க, வலப்பக்கமிருந்த கியர் மிதியை யப்பானிய வண்டிகளைப் போல் இடப்பக்கத்துக்கு மாற்றவும் நேர்ந்தது. 1983இல் அக்கூட்டுறவு மூடப்பட்டது. மெரிடன் தொழிலாளர்பால் நாட்டில் அனுதாபம் நிறைய இருந்தது. அனுதாபப்பட்டவர்களுள் பலர் யப்பானிய வண்டிகளையே வாங்கினர். நாட்டுப் பற்று பழுதான வண்டியை ஒருமுறை மன்னிக்கும்; பலமுறை மன்னிப்பதில்லை.

தீர்வை மதில்

மெரிடன் மூடப்பட்ட அதே 1983ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கின் மறுகரையில் வேறொரு முயற்சி நிகழ்ந்தது. 1903இல் மில்வோக்கியில் தொடங்கிய ஹார்லி டேவிட்சன் கம்பனி யப்பானியப் போட்டியால் அழிவின் விளிம்பில் நின்றது. 1983 ஏப்பிரலில் ஜனாதிபதி றேகனின் அரசு 700 சி.சி.க்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளின் தீர்வையை 4.4 வீதத்திலிருந்து 49.4 வீதமாக உயர்த்தியது. ஆண்டுதோறும் குறைந்து ஐந்தாண்டில் முடிவுறுவதாக அது வகுக்கப்பட்டது.

யப்பானியக் கம்பனிகள் எஞ்சினைச் சற்றே சிறிதாக்கி 700 சி.சி.க்குட்பட்ட வண்டிகளைச் செய்து மதிலின் கீழாக நுழைந்தன. அன்றியும், கவாசாகி 1970களின் நடுப்பகுதியிலிருந்து நெப்ராஸ்காவிலும், ஹொண்டா 1979 முதல் ஓஹையோவிலும் அமெரிக்கத் தொழிலாளரைக் கொண்டே வண்டிகளைச் செய்துவந்தன. ஹார்லி வண்டிகளிலோ யப்பானியப் பாகங்கள் சில இடம்பெற்றிருந்தன. ஓஹையோவில் அமெரிக்கர் செய்த ஹொண்டா எந்த நாட்டு வண்டி? யப்பானிய காபரேற்றர் பொருத்திய ஹார்லி எந்த நாட்டு வண்டி? முத்திரையால் இவ்வினாக்களுக்கு விடை கூற இயலவில்லை.

எனினும் ஹார்லி பிழைத்தது. தீர்வை தந்த இடைவெளியில் அக்கம்பனி யப்பானியரின் உற்பத்தி முறைகளையே கற்றுக்கொண்டு தரத்தை உயர்த்திற்று. 1987இல் பாதுகாப்பு இனி வேண்டாமெனத் தானே முன்வந்து கேட்டது. இங்கு நாட்டுப் பெயரின் இன்னொரு முகம் வெளிப்படுகின்றது. ஹார்லியை வாங்கியவர் வேகத்தையோ சிக்கனத்தையோ நாடவில்லை. அமெரிக்காவின் ஒரு துண்டைத் தமதாக்கிக்கொள்ள விரும்பினர். ஆனால் உணர்வைக் கொண்டு விற்பதற்கும் வண்டி ஒழுங்காக ஓடவேண்டியிருந்தது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் எதிர்த்தீர்வையாக வரியை 6 வீதத்திலிருந்து 31 வீதமாக்கியபோது, ஐரோப்பாவுக்கான வண்டிகளை அமெரிக்காவுக்கு வெளியே செய்யப்போவதாக இதே கம்பனி அறிவித்தது. நாட்டின் பெயரால் விற்பவர்களும் கணக்கேட்டைப் பார்த்தே நாட்டைத் தெரிவு செய்கின்றனர்.

றெடிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

இவ்வரலாற்றின் மிகச் சுவையான அத்தியாயம் தமிழ் மண்ணில் எழுதப்பட்டதாகும். றோயல் என்பீல்ட் 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932இல் அறிமுகமாயிற்று. சுதந்திர இந்தியாவின் இராணுவம் எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டியாகப் புல்லட்டைத் தெரிவு செய்தது. அதன் விளைவாக 1955இல் றெடிச் கம்பனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்பீல்ட் இந்தியா கம்பனியை உருவாக்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் பொருத்தப்பட்டன. பின்னர் அச்சுக்களும் கருவிகளும் வந்து சேர்ந்தன. 1960களின் தொடக்கத்தில் பாகங்கள் யாவும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன.

மகள் வளர்ந்துகொண்டிருக்கத் தாய் மறைந்தாள். 1967இல் றெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி முற்றாக நின்றது. இந்தியாவிலோ இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் அனுமதிப்பத்திர முறையும் போட்டியைத் தடுத்து வைத்திருந்தன. ஆகவே 1950களின் வண்டி பெரிய மாற்றமின்றித் திருவொற்றியூரில் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1977இல் அது பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கிற்று. தம் இளமைக்கால வண்டியைப் புதிதாக வாங்க விரும்பிய ஆங்கிலேயருக்கு அதனைத் தரக்கூடியவர் சென்னைத் தொழிலாளராகவே இருந்தனர். பிரித்தானியாவில் இறந்த பிரித்தானியத்தன்மை தமிழ்நாட்டில் உயிரோடிருந்தது.

1980களில் இந்தியச் சந்தை சிறிது திறந்தபோது ஹீரோ ஹொண்டா, இண்ட் சுசுகி, கவாசாகி பஜாஜ் என இரட்டைப் பெயர் தாங்கிய வண்டிகள் வந்தன. பெற்றோல் தாங்கியில் எழுதப்பட்ட பெயரின் யப்பானியப் பாதியே வாங்குவோரின் கண்ணை முதலில் ஈர்த்தது. யப்பானியப் பாகங்களோடு வந்த தொடக்ககால யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டிகளுக்குப் பழைய வண்டிச் சந்தையில் தனி மதிப்பிருந்தது. ஆயினும் 2010இன் இறுதியில் ஹொண்டாவும் ஹீரோவும் பிரிய முடிவு செய்து, வண்டிகளிலிருந்து யப்பானியப் பெயர் நீங்கிய பின்னரும், ஹீரோவே இந்தியாவில் ஆகக்கூடிய வண்டிகளை விற்றது. கால் நூற்றாண்டுக் காலம் அவ்வண்டியைப் பயன்படுத்திய மக்களுக்கு அயல்நாட்டுச் சான்றிதழ் இனித் தேவைப்படவில்லை.

என்பீல்ட் இந்தியாவும் 1990களில் ஐஷர் குழுமத்தோடு இணைந்து, மீண்டும் றோயல் என்பீல்ட் என்ற பெயரை ஏற்றது. 2000ஆம் ஆண்டளவில் மூடப்படும் நிலையிலிருந்த அது மீண்டெழுந்து, 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகளைத் திறந்தது. 2017இலேயே இங்கிலாந்தின் லெஸ்ரர்ஷயரில் ஆய்வு நிலையமொன்றும் அமைக்கப்பட்டது. 2018இல் விற்பனைக்கு வந்த 650 சி.சி. வண்டியொன்று 1960களின் 'இன்ரர்செப்டர்' என்ற றெடிச் பெயரைத் தாங்கியது. அதன் எஞ்சின் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் இருந்த பொறியியலாளரின் கூட்டு முயற்சி. அதனைச் செய்தது தமிழ்நாடு. எந்த நாட்டுச் சாமான் என்ற வினாவுக்கு இங்கு ஒற்றைச் சொல்லில் விடையில்லை. அதே வேளையில் மெரிடனின் ட்றயம்ப் பெயரை 1983இல் வாங்கிய ஜோன் புளூர் ஹிங்லியில் புதிய தொழிற்சாலையை நிறுவினார். ஆனால் 2000களின் தொடக்கத்திலிருந்து தாய்லாந்திலும், 2023 முதல் பஜாஜ் கம்பனியின் வழியாக இந்தியாவிலும் ட்றயம்ப் வண்டிகள் பிறக்கலாயின.

பழுதுபார்க்கும் கை

நாட்டுப் பெயரின் மதிப்பை மிகக் கடுமையாகச் சோதித்த களங்களுள் யாழ்ப்பாணமும் ஒன்று. 1977இல் இலங்கையின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் யப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பெருகின. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஹொண்டா எம்.டி. 90 நன்கு பழக்கப்பட்ட வண்டியாயிற்று. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைப்பது அரிதாகியபோது, சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் வண்டியை ஓட்டினர் மக்கள். உதிரிப்பாகங்களும் அருகின. யப்பானியப் பொறியியலாளர் எண்ணிப் பார்த்திராத எரிபொருளில் யப்பானிய எஞ்சின் இயங்கியதற்கு ஹமமட்சுவின் திறமை பாதிக் காரணம். மறுபாதி உள்ளூர் மெக்கானிக்கின் கை. நாட்டின் பெயரைக் கேட்டு வாங்குபவர் உண்மையில் இவ்விரண்டையுமே விசாரிக்கின்றார். நன்றாகச் செய்யப்பட்டதா என்பது ஒன்று. பழுதானால் இங்கு திருத்தலாமா என்பது மற்றொன்று. பிற்காலத்தில் இந்திய வண்டிகள் இலங்கையில் இடம்பிடித்தமைக்கு விலையோடு உதிரிப்பாகங்கள் எளிதிற் கிடைத்தமையும் காரணமாயிற்று.

முடிவுரை

முடிவாக நோக்குமிடத்து, மோட்டார் சைக்கிள் பிறந்த நாடு வாங்குவோருக்கு ஒரு பொருட்டன்று எனக் கூறுதல் வரலாற்றுக்கு முரணாகும். அது பொருட்டாகவே இருந்துவந்துள்ளது. ஆயினும் அப்பெயர் மாறாத குணமொன்றைச் சுட்டவில்லை. சேமிப்புக் கணக்கொன்றையே ஒத்திருந்தது. ஒரு தலைமுறைத் தொழிலாளர் கவனத்தோடு செய்த வண்டிகள் அதில் நம்பிக்கையை வைப்பிலிட்டன. மறு தலைமுறையின் உரிமையாளர் புதிதாக ஒன்றும் இடாமல் அதிலிருந்து எடுத்துச் செலவிட்டபோது கணக்கு வெறுமையாயிற்று. பிரித்தானியாவில் நிகழ்ந்தது இதுவே. வெறுங்கணக்கோடு தொடங்கிய யப்பானியர் இருபது ஆண்டுகளில் அதனை நிரப்பினர்.

இக்கணக்கில் ஓர் அநீதியும் உண்டு. பெயரை விற்கலாம், வாங்கலாம், கடல்கடத்தி வேறொரு நாட்டிற் பொறிக்கலாம். அப்பெயருக்கு மதிப்பைத் தேடித்தந்தவர்களோ அதனோடு பயணம் செய்வதில்லை. ட்றயம்ப் என்ற பெயர் இன்று பெருமதிப்புடையது. அதனைக் காக்க வாயிலை அடைத்து நின்ற மெரிடன் தொழிலாளருக்கு அதில் பங்கில்லை. றெடிச்சின் புகழ் திருவொற்றியூருக்கு வந்தது போல், திருவொற்றியூரின் உழைப்பாற் பெருகிய புகழும் நாளை வேறோர் ஊருக்குச் செல்லலாம். ஆகையால், 'எந்த நாட்டுச் சாமான்?' என்று கேட்பவர் அதற்குப் பின்னால் நிற்கும் மற்றொரு கேள்வியையும் கேட்டறிதல் தகும்: இதனைச் செய்தவர் எவர், அவர் இப்பொழுது எங்குள்ளார்? முதற் கேள்விக்கான விடை வண்டியிற் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவதற்கான விடையை வரலாறே கூறவேண்டும்.